ஆரல்வாய்மொழிக் காற்றும் அயல்நாட்டுக் கடனும்

(நாகர்கோவிலில் நூலக வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு. தோவாளை தாண்டுகிறவரை ஜன்னலோரம் பூவாசம் வரும். ஆரல்வாய்மொழி நெருங்கும்போது காற்று ஓங்கி அறையும். ஆனி, ஆடி மாதமென்றால் கண்டக்டர் கையிலிருக்கும் டிக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மேற்கே அரபிக்கடலிலிருந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டி, இந்த ஒரு கணவாயில் இடம் கண்டு நெரிசலாகப் பாய்ந்து, முப்பந்தல் பக்கம் விரிகிறது. அந்த இடத்தில்தான் நம் காற்றாடிகள் நிற்கின்றன. காற்றாலை என்பது புத்தகச் சொல். எங்கள் ஊரில் காத்தாடிதான்.

நான் பொறியாளன் இல்லை. வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். கன்னிப்பூ சாகுபடிக்கும் கும்பப்பூ சாகுபடிக்கும் பயிர்க்கடன் கொடுத்த கை இது. அதனால் உலகம் முழுக்கப் பேசப்படுகிற 'எரிசக்தி நிதி' என்ற பெரிய விஷயத்தை ஒரு கடன்காரனும் கடன் கொடுப்பவனும் பேசிக்கொள்கிற மட்டத்தில் வைத்துப் பேசவே எனக்குத் தெரியும். யார் பணம், என்ன வட்டி, எந்த நாணயத்தில், என்ன நிபந்தனையில் வருகிறது என்பதுதான் என் கேள்வி. முப்பந்தலைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பட்டது இதுதான்: பணம் எந்த வடிவத்தில் வந்ததோ, அந்த வடிவத்தில்தான் இங்கே காத்தாடி நிற்கிறது.

முதல் பணம் அரசுப் பணம். 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சின்னச் சின்ன இயந்திரங்களை நிறுத்தி, இந்தக் காற்றில் மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். அடுத்து டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடா வந்தது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் செயல்விளக்கப் பண்ணைகள் அதன் உதவியில் எழுந்தன. 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட நாடு டென்மார்க். அந்த அடியில்தான் காற்றுப் பக்கம் திரும்பியது. உதவியோடு சேர்ந்து அவர்கள் நாட்டு இயந்திரமும் தொழில்நுட்பமும் இங்கே வந்து இறங்கின. கொடுத்தவருக்கும் அதில் ஆதாயம் இருந்தது. அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. பத்திரத்தில் எழுதியிருக்கிற பெயருக்குப் பின்னால் யாருடைய சந்தை திறக்கிறது என்று பார்த்துவைப்பது கடன் வாங்குகிறவனின் வேலை.

1987-ல் டெல்லியில் இரேடா என்ற பொதுத்துறை நிதி நிறுவனம் தொடங்கியது. மரபுசாரா எரிசக்திக்கு மட்டுமே கடன் கொடுக்கப் பிறந்த நிறுவனம். 1992 கடைசியில் உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் அதன் வழியாகக் காற்று, சூரியன், சிறு நீர்மின் திட்டங்களுக்குப் பணம் கொடுக்க முன்வந்தன. ஒரு தனியார் மில் முதலாளி முதல்முறை காத்தாடிக்குக் கடன் கேட்டு வந்தால், சாதாரண வங்கி மேலாளர் என்ன சொல்வார்? 'காற்று அடிக்காவிட்டால் தவணை யார் கட்டுவார்?' என்பார். நானும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். செயல்விளக்கப் பண்ணையின் மீட்டர் கணக்கும் இரேடாவின் கடனும் அந்தப் பயத்தைப் போக்கின. பொதுப்பணம் செய்யவேண்டிய வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன். முதல் ஆளாக இறங்கி, ஆழம் எவ்வளவு என்று காட்டுவது.

அடுத்து வந்தது வரிப்பணம். கதை திரும்பியது இங்கே.

காத்தாடி வாங்கினால் முதல் வருடத்திலேயே அதன் முழு மதிப்பையும் தேய்மானமாக லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று வருமானவரிச் சட்டம் சலுகை கொடுத்தது. கம்பெனி வரி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்த காலம் அது. 10 கோடி லாபம் வைத்திருக்கிற கம்பெனி 10 கோடிக்குக் காத்தாடி வாங்கினால், 4 கோடிக்கு மேல் அந்த வருடம் வரி கட்டவேண்டாம். வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதித் தேய்மானம்தான் என்பது விதி. ஆகவே சிலர் செப்டம்பருக்குள் நிறுத்தினார்கள். பாதியாவது கிடைக்கட்டும் என்று சிலர் மார்ச்சில் ஓடிவந்து நிறுத்தினார்கள். இங்கே மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை காற்று. மார்ச்சில் அடிப்பது வெயில். காற்றின் பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு ஆடிட்டரின் பஞ்சாங்கத்துக்கு இயந்திரம் எழுந்தது.

விளைவு இரண்டு. ஒன்று நல்லது: ஆயிரக்கணக்கில் இயந்திரம் வந்தது. முப்பந்தல் சுற்றுவட்டாரம் 1,500 மெகாவாட் என்று உலக வரைபடத்தில் ஏறியது. மாநிலம் காற்றில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இன்னொன்று, நிறுத்தினால் போதும், எவ்வளவு ஓடுகிறது என்பது பிறகு என்ற மனப்பான்மை. 1996-97-ல் குறைந்தபட்ச மாற்று வரி என்று ஒன்று வந்ததும் முதலீடு சட்டென்று வற்றியது. காற்று அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு தேய்மானச் சலுகை 80 சதவீதமானது, 2012-ல் நின்றது, 2014-ல் திரும்பியது, 2017-ல் 40 ஆனது. ஒவ்வொரு முறையும் ஆரல்வாய்மொழியில் லாட்ஜ் வாடகையும் கிரேன் வாடகையும் ஏறி இறங்கின. 2009 கடைசியில்தான், உற்பத்தியாகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா என்ற ஊக்கத்தொகை வந்தது. நிறுத்தினதற்குக் காசு என்பதிலிருந்து ஓட்டினதற்குக் காசு என்று சிந்தனை மாற இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

போன ஆடியில் ஒரு பழைய காத்தாடியின் காலடியில் போய் நின்றேன். 225 கிலோவாட் இயந்திரம். முப்பது மீட்டர் உயரக் கோபுரம். மேலே இயந்திரப் பெட்டியின் இடுக்கிலிருந்து எண்ணெய் வழிந்து, கோபுரத்தின் வெள்ளைப் பெயின்ட்டில் கறுப்பாகக் கோடு இழுத்திருந்தது. இறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'ஹூப்... ஹூப்...' என்று மூச்சு விட்டது. கோபுரத்தின் நிழலில் ஐந்தாறு வெள்ளாடுகள் படுத்திருந்தன. நிழல் நகர நகர அவையும் எழுந்து நகர்ந்து படுத்தன. காவலுக்கு இருந்த அண்ணாச்சி சொன்னார்: "சார், இந்த இடத்துக் காத்துக்கு இது சின்னப் பிள்ளை. தோளில ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. பெரிய மிஷின் வச்சா பத்து மடங்கு எடுக்கலாம். ஆனா இது யார் பேர்ல இருக்கு, பக்கத்து மிஷின் யார் பேர்ல இருக்குன்னு தெரியணுமே." கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்று, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று, யாரோ ஒரு டாக்டர் என்று அந்த ஒரு வளைவில் மட்டும் ஆறேழு உரிமையாளர்களைக் காட்டினார். மில்காரர்களுக்கு இங்கே உற்பத்தியாவதை மின்வாரியக் கம்பி வழியாக அங்கே எடுத்துக்கொள்ளும் 'வீலிங்', மிச்சத்தை வாரியத்திடம் சேமித்துவைக்கும் 'பேங்கிங்' இரண்டும் பழைய இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற உரிமைகள். இயந்திரத்தைக் கழற்றினால் அந்த உரிமை என்னாகும் என்ற பயம் அவர்களுக்கு.

இந்தியாவின் மிக நல்ல காற்று இடத்தில் மிகச் சின்ன இயந்திரங்கள் நிற்கின்றன. இன்றைய இயந்திரம் நூறு மீட்டருக்கு மேல் எழுந்து, 2, 3 மெகாவாட் தருகிறது. இதை மாற்றி அமைக்க 2016-ல் ஒன்றிய அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. 2024-ல் தமிழக அரசும் கொண்டுவந்தது. 2016 கொள்கையில் சொன்ன நிதி உதவி என்ன தெரியுமா? இரேடா கடனில் கூடுதலாகக் கால் சதவீத வட்டித் தள்ளுபடி.

கால் சதவீதம் என்றால் எவ்வளவு? கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். கணக்குக்காக ஒரு மெகாவாட்டுக்கு 7 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 30 சதவீதத் திறனில் ஓடினால் 26 லட்சத்து 28 ஆயிரம் யூனிட். முழுவதும் கடன், பதினைந்து வருடத் தவணை. வட்டி 11 சதவீதமானால் வருடத் தவணை 97 லட்சத்துக்கு மேல். யூனிட்டுக்கு 3 ரூபாய் 70 பைசா. அதே இயந்திரம், அதே காற்று, வட்டி மட்டும் 5 சதவீதம்: தவணை 67 லட்சம் சொச்சம், யூனிட்டுக்கு 2 ரூபாய் 57 பைசா. ஒரு ரூபாய் 13 பைசா வித்தியாசம், வட்டியில் மட்டும். இதற்கு எதிரே, கால் சதவீதத் தள்ளுபடி முதல் வருடத்தில் தருவது யூனிட்டுக்கு ஏழு பைசாகூட இல்லை.

நிலக்கரி நிலையத்துக்கும் கடன் உண்டு, ஆனால் அதன் செலவில் பெரும்பங்கு வருடா வருடம் வாங்குகிற கரி. காத்தாடிக்கும் சூரியத் தகட்டுக்கும் எரிபொருள் செலவு கிடையாது. மொத்தச் செலவும் முதல் நாளே வந்துவிடுகிறது. ஆகவே அந்த மின்சாரத்தின் விலை ஏறக்குறைய வட்டி விலைதான். பன்னாட்டு எரிசக்தி முகமை திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுவே: வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கு மூலதனம் கிடைக்கிற விலை, பணக்கார நாடுகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உலகத் தூய எரிசக்தி முதலீட்டில் சீனாவை விட்டால் மற்ற வளரும் நாடுகள் எல்லாம் சேர்ந்து பெறுவது ஏறத்தாழ 15 சதவீதம். வெயிலும் காற்றும் மனிதர்களும் இங்கே, பணம் அங்கே.

'அப்படியானால் குறைந்த வட்டிக்கு டாலரில் வாங்கிவிட வேண்டியதுதானே?' என்று ஒரு தம்பி போன கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி. 1993-ல் ஒரு டாலர் 31 ரூபாய் அளவில் இருந்தது. 2024 முடிவில் 85-ஐத் தொட்டது. காத்தாடி சம்பாதிப்பது ரூபாயில். நம் மின்வாரியம் டாலரில் பில் போடுவதில்லை. ஐந்து சதவீத டாலர் கடனோடு ரூபாய் சரிகிற சரிவையும் கூட்டிப் பாருங்கள், உள்ளூர் வட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தச் சரிவுக்குக் காப்பு எடுக்கவும் தனிச் செலவு. ரூபாயிலேயே கடன் கொடுத்து, நாணய இறக்கத்தின் சுமையைக் கொடுப்பவரும் தாங்குகிற ஏற்பாடு வராதவரை, பன்னாட்டு நிதி இங்கே குறைந்த வட்டி என்று சொல்வது பாதி உண்மை.

உலகம் நிலக்கரிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பத் தொடங்கிய கதையை இப்போது சுருக்கமாகச் சொல்கிறேன். 2008-ல் குஜராத்தின் கட்ச் கடற்கரையில் முந்த்ராவில் 4,000 மெகாவாட் டாடா நிலக்கரி நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகம் 450 மில்லியன் டாலர் கடன் கொடுத்தது. ஆசிய வளர்ச்சி வங்கியும் கொடுத்தது. நிலையத்தின் சூடான நீர் கடலில் கலந்து மீன்பாடு போயிற்று என்று மீனவர்கள் முறையிட்டார்கள். கடன் கொடுத்த கழகத்தின் குறைதீர் அமைப்பே 2013-ல் குறைகளைப் பதிவு செய்தது. பிறகு புதா இஸ்மாயில் ஜாம் என்ற மீனவரும் மற்றவர்களும் அமெரிக்க நீதிமன்றத்துக்கே போனார்கள். 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய பன்னாட்டு அமைப்புகளுக்கு முழுமையான சட்டப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. வழக்கு கடைசியில் கீழ் நீதிமன்றங்களில் தள்ளுபடியானது. ஆனாலும் ஒரு மீனவர் வாஷிங்டன் வங்கியின் கதவைத் தட்டியதை நம் கடற்கரைக்காரர்கள் மறக்கக் கூடாது.

அதே 2013-ல் உலக வங்கி, அரிதான சூழல் தவிர நிலக்கரி நிலையங்களுக்குப் பணம் இல்லை என்றது. 2021-ல் ஜி-7 நாடுகள் வெளிநாட்டு நிலக்கரிக்கு அரசுப் பணத்தை நிறுத்துவதாகச் சொல்ல, சீனாவும் வெளிநாடுகளில் புதிய நிலக்கரி நிலையம் கட்டமாட்டோம் என்று ஐ.நா.வில் அறிவித்தது. ஒரு பக்கம் வாசல் மூடியது நல்லது. ஆனால் இந்தப் பக்கம் எவ்வளவு திறந்தது? 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் வாக்களித்த வருடத்துக்கு 100 பில்லியன் டாலர், 2020-க்குள் வரவேண்டியது, 2022-ல்தான் எட்டியது; அதில் அரசுகள் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கடன். 2024-ல் பாகு மாநாட்டில் 2035-க்குள் வருடத்துக்கு 300 பில்லியன் என்றார்கள்; இந்தியாவின் பிரதிநிதி அந்த மேடையிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தார். நிலக்கரிக்கு வெளிநாட்டுப் பணம் நின்ற இடத்தில் உள்நாட்டுப் பணம் வந்து நிற்கிறது. தூத்துக்குடி மாவட்டம் உடன்குடியின் 1,320 மெகாவாட் நிலையத்தைப் போய்ப் பாருங்கள்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேசாமல் நான் மேடையை விட்டு இறங்கினால் அது நேர்மையில்லை. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது. ரஷ்யக் கடன். தலா 1,000 மெகாவாட் வீதம் இரண்டு உலைகள் ஓடுகின்றன, மேலும் நான்கு எழுகின்றன. கரியமிலக் கணக்கை மட்டும் பார்த்தால் நம் சுற்றுவட்டாரத்துக்கு வந்த மிகப் பெரிய 'குறைந்த கரிம' வெளிநாட்டு நிதி அதுதான். ஆரம்பத்தில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை அங்கே கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். அந்த அணை நாஞ்சில் நாட்டு வயலுக்காகத் திருவிதாங்கூர் அரசு கட்டி 1906-ல் முடித்தது. நம் விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறகு கடல்நீரைச் சுத்திகரிக்கிற ஏற்பாட்டுக்குப் போனார்கள். இடிந்தகரை மக்கள் 2011-லிருந்து உலையை எதிர்த்துப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. உங்களில் பலருக்கு அணுமின்சாரம் வேண்டும், பலருக்கு வேண்டாம். அது இன்று முடிகிற வாதமில்லை. எவ்வளவு கரியமிலம் குறைகிறது என்ற ஒரே கேள்வியோடு வருகிற பணம், யார் தண்ணீர், யார் கடல் என்ற கேள்வியை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறது. என் மனக்குறை அங்கேதான்.

பேசப்படாத ஒரு செலவு, கம்பி. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த ஊர்கள் உண்டு. அதே ஆண்டுகளின் காற்றுக் காலத்தில், கொண்டுபோகக் கம்பி போதாமல் நம் காத்தாடிகளை நிறுத்தச் சொன்னார்கள். காற்று அடிக்கிறது, காத்தாடி இறகை மடக்கி நிற்கிறது. தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு முழுதாக இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல், ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையில். அந்த வருடம்தான் ஜெர்மனி, பசுமை மின்தடங்களுக்கு ஒரு பில்லியன் யூரோ அளவுக்குக் கடன் தர ஒப்புக்கொண்டது. அதில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வந்து, 400 கிலோவோல்ட் பாதைகளுக்குப் போனது. எந்தத் தலைவரும் டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வெளிநாட்டுக் கடனில் நமக்கு ஆகவும் உதவிய பணம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தனியார் காத்தாடி வாங்குவார். கம்பியைப் பொதுப்பணம்தான் இழுக்க வேண்டும். ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடனில் இருக்கிற நம் மின்வாரியத்தால் தனியாக இழுக்க முடியாது.

இனி கடல். 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை, கடலுக்குள் காத்தாடி நிறுத்த 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. குஜராத்துக்கு அப்பால் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு அப்பால் 500 மெகாவாட். இரண்டு துறைமுகங்களைத் தயார்செய்ய மட்டும் அதில் 600 கோடி. டென்மார்க் இதிலும் கூட இருக்கிறது. முப்பந்தலில் பார்த்த அதே முகம், நாற்பது வருடம் கழித்து, இந்த முறை கடலுக்குள். இன்னொரு பக்கம் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கத் திட்டம். காத்தாடியின் காந்தத்துக்குத் தேவையான அருமண் தனிமங்கள் அந்த மணலின் மோனசைட்டில் இருக்கின்றன. ஒரே கடற்கரை, மூன்று வகைப் பணம் வந்து நிற்கிறது. தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற மீனவருக்கு, கடலில் நடுகிற தூண் எண்ணெய்த் தூணா காற்றுத் தூணா என்பதற்கு முன்னால், வலை விரிக்க வழி இருக்குமா என்பது கேள்வி. முந்த்ரா மீனவர் கட்டி முடித்த பிறகு கேட்டதை, நாம் கட்டும் முன்னால் கேட்க வேண்டும்.

ஆகவே ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். பயிர்க்கடன் கொடுக்கும்போது பத்திரத்தை விவசாயிக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவோம். வாசிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் விளக்கியதாக ஒரு சாட்சியும் கையெழுத்துப் போடுவார். நம் கணவாயிலோ கடலிலோ வெளிநாட்டுக் கடனில் எழப்போகிற எந்தத் திட்டமானாலும், அதன் கடன் ஒப்பந்தம், வட்டி, நாணயம், குறை சொல்லவேண்டிய இடம் எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்து, அந்தக் கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் அந்தக் கடற்கரை ஊர்த் தேவாலயப் பங்கு அலுவலகத்திலும் வைக்கச் சொல்லிக் கேட்போம். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னால் வைக்க வேண்டும். மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு, சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.